நாலாம் நம்பர் சட்டை

நாத்தனார் வாயால அண்ணியைப் பத்தி நல்ல வார்த்தை கேட்டிருக்கீங்களா? இல்லைன்னா இப்ப கேளுங்க. ஆனா ஒண்ணு, குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே பேசினா எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தா சொல்ல வந்தது மறந்துடும். எங்க வீட்டுல எனக்கு வச்சிருக்கிற பேரே பட்டாசு. வச்சது என் கூடப் பிறந்த அண்ணன். அந்த மனுஷன் வாயிலேர்ந்து வந்த ஒரே உருப்படியான விஷயம் அதுதான்.

அவரோட மனைவிதான் எங்க அண்ணி. டி-ஷர்ட்ல பேரும் நம்பரும் படமும் ஒட்டித் தர்ற கடை வச்சிருக்காங்க. கடைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, வீட்டோட முன்னறைதான். ஜன்னல் பக்கம் தாள் வெட்டற மெஷின், நடுவுல ஒரு பெரிய மேஜை, சுவரோரமா சூட்டுல அழுத்தி ஒட்டற ஹீட் பிரஸ். ரெண்டு தெரு தள்ளி என் வீடு. காலையில வீட்டுல எல்லாரையும் கிளப்பி விட்டுட்டு நேரா அங்க போயிடுவேன். தாள் வெட்டறது, பிச்சு எடுக்கறது, மடிக்கறது, வர்றவங்ககிட்ட வாயாடறது இதெல்லாம் என் வேலை. ஒட்டறது மட்டும் அண்ணி. அதுல என்னைக் கை வைக்க விட மாட்டாங்க. ஏன்னு போகப் போகத் தெரியும்.

வேலை என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். வினைல்னு ஒரு வழவழப்பான தாள். பின்பக்கம் பசை இருக்கும், சூடு பட்டாத்தான் அது பிடிக்கும். கம்ப்யூட்டர்ல எழுத்தைப் போட்டா மெஷின் அதைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பி வெட்டிக் கொடுக்கும். வேண்டாத துண்டையெல்லாம் ஊசி முனையால பிச்சு எடுக்கணும். மிச்சம் இருக்கிற எழுத்தைச் சட்டை மேல வச்சு, சூடான தட்டை இறக்கி, பதினஞ்சு எண்ணித் தூக்கினா ஒட்டிக்கும். இவ்வளவுதானான்னு உதட்டைப் பிதுக்காதீங்க. ஒட்டறது மெஷின். எங்க ஒட்டணும்னு அதுக்கு யார் சொல்றது? துணி இருக்கே, அது சொன்ன பேச்சு கேட்காது. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். ரெண்டு தடவை துவைச்சா பக்கத்துத் தையல் முறுக்கிக்கிட்டு வயித்துக்கு வந்து நிக்கும். கையால தடவி விட்டு நேரா இருக்குன்னு நினைச்சு தட்டை இறக்கினீங்க, போச்சு. தூக்கிப் பார்த்தா எழுத்து மலையேறப் போற மாதிரி சாய்ஞ்சிருக்கும். ஒட்டினதை உரிக்கவும் முடியாது, உரிச்சா தடம் போகாது.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னாடி பதினோரு வருஷம் துணி ஃபேக்டரியில செக்கிங்ல இருந்தவங்க. நாள் முழுக்க முன்னால சட்டை வந்துகிட்டே இருக்கும். எங்க தையல் கோணலோ, எங்க பட்டன் இறக்கமோ, அங்க ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பணும். பதினோரு வருஷம் இதையே பண்ணினா கண்ணு என்ன ஆகும்? கல்யாணமாகி எங்க வீட்டுக்குள்ள கால் வச்சு ஒரு மணி நேரம் கூட ஆகலை. கூடத்துல மாட்டியிருந்த காலண்டர்கிட்ட போனாங்க. கீழ் நுனியைப் பிடிச்சு லேசா நகர்த்தினாங்க. மூணடி பின்னால வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துட்டு, திருப்தியா உட்கார்ந்தாங்க.

எங்கம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சு. "வந்ததும் வராததுமா நம்ம வீட்டைத் திருத்த ஆரம்பிச்சுட்டாளே"ன்னு என் காதைக் கடிச்சாங்க. நானும் சும்மா இருப்பேனா? எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தற வேலைதான் எனக்குக் கைவந்த கலையாச்சே. மறுநாள் யாரும் பார்க்காதப்ப காலண்டரைக் கோணலாக்கி வச்சேன். மதியம் பார்த்தா நேரா இருக்கு. மறுபடி கோணலாக்கினேன். மறுபடி நேரா இருக்கு. ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்துச்சு. எட்டாம் நாள் நான் காலண்டர்ல கை வைக்கிறேன், பின்னாலேர்ந்து குரல் வருது.

"பாப்பா, இன்னும் கொஞ்சம் நல்லா சாய்ச்சு வை. நீ வைக்கிறது எனக்குப் பத்தவே மாட்டேங்குது."

திரும்பிப் பார்த்தா கதவோரமா நின்னு சிரிக்கிறாங்க. எனக்கும் சிரிப்பு பீறிட்டுக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச சிநேகிதம். எனக்கு இப்ப நாற்பது வயசு, காது பக்கம் நரைச்சாச்சு, இன்னும் நான் அவங்களுக்கு பாப்பாதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி கடை போட்டு, ஹீட் பிரஸ் வந்த அன்னைக்கு முதல் சட்டை அண்ணனுக்குத்தான் ஒட்டினாங்க. அவர் ஓட்டற வேனோட படம் போட்டு, கீழே பேரு. ஒட்டி முடிச்சு அவர் போட்டுக்கிட்டு நின்னா, வேன் பள்ளத்துல இறங்கற மாதிரி இருந்துச்சு. ஒரு விரல் அளவு கோணல். அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். அண்ணி சிரிக்கலை, அழவும் இல்லை. "இதைத் தூக்கிப் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை வண்டி கழுவறப்ப இதையே போட்டுக்கோங்க. எனக்குத் தலைக்கனம் வர்றப்பல்லாம் ஜன்னல் வழியா பார்த்துக்கிறேன்"னாங்க. இன்னைக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமையானா அந்தச் சட்டைதான். தெருவுல யாராவது கேட்டா, "கடைக்கு விளம்பரம் வேற, நான் கடைக்கு எச்சரிக்கை"ம்பார் அண்ணன்.

அதுக்கப்புறம் அண்ணி கைக்கு ஒரு முறை வந்துச்சு. எந்தச் சட்டை வந்தாலும் முதல்ல நீளவாக்குல ரெண்டா மடிப்பாங்க. தோள் தையலும் தோள் தையலும் சேரணும், அக்குளும் அக்குளும் சேரணும். பக்கத்துத் தையலைப் பார்க்கவே மாட்டாங்க. "அது முறுக்கிக்கும் பாப்பா, அதை நம்பி இறங்கினா அம்போன்னு விட்டுடும்"பாங்க. மடிச்சபடி மெஷின்ல வச்சு மூணே மூணு நொடி அழுத்தினா நடுவுல ஒரு கோடு விழும். அதுதான் சட்டைக்கு நடு. அதே மாதிரி ஒரு அக்குள்லேர்ந்து இன்னொரு அக்குளுக்குக் குறுக்கே ஒரு கோடு. வினைல் தாளையும் ரெண்டா மடிச்சு ஒரு தடம் போட்டுக்குவாங்க. கோட்டு மேல கோடு. கழுத்துக்குக் கீழே பெரியவங்களுக்கு நாலு விரல், சின்னவங்களுக்கு ரெண்டு. அப்புறம் மூணடி பின்னால போய், ஒரு கண்ணை மூடி ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு நடுவுல நான் பேசினா அவ்வளவுதான், கையாலேயே வாயைப் பொத்துன்னு ஜாடை காட்டுவாங்க.

ஆறு வருஷத்துல எத்தனை சட்டை போயிருக்கும்னு கணக்கு வச்சுக்கலை. ஆனா கோணல்னு ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்லை. இதை நான் மார் தட்டிச் சொல்வேன். வேற கடைக்காரங்களே தங்களுக்கு வராத வேலையை இங்க அனுப்புவாங்க. இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, இவ்வளவு நேர் பார்க்கிற வீட்டுலதான் நான் போய் அந்தக் காரியத்தைப் பண்ணித் தொலைச்சேன்.

ஒரு நாள் காலேஜ் வாலிபால் டீமோட கேப்டன் வந்தா. பத்தொன்பது இருபது வயசு இருக்கும். நல்ல உயரம். பட்டுப் பட்டுனு பேச்சு. பதினாலு சட்டை வேணும், காலேஜ் பேரு நெஞ்சுல நீளமா ஒரே வரியில வரணும், அதுக்குக் கீழே அவங்கவங்க நம்பர். இவளுக்கு நாலு. பேசிக்கிட்டு இருந்த அரை மணி நேரமும் முதுகுல தொங்கின பையை அவ இறக்கவே இல்லை.

"உட்காரும்மா, பையை இறக்கி வை. உன் பையை நான் தின்னுட மாட்டேன்"னேன்.

"பழகிடுச்சுக்கா"ன்னு சிரிச்சா. வாய்க்கு வாய் கொடுக்கிற பொண்ணு, எனக்குப் பிடிச்சுப் போச்சு. அண்ணி மட்டும் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில, "நாளைக்கு நீ மட்டும் ஒரு தடவை வந்துட்டுப் போ"ன்னாங்க. அளவு பார்க்கத்தான்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் எனக்குப் பல் வலி. பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால அன்னைக்குக் கடையில நடந்தது எனக்கு அப்பத் தெரியாது. பின்னாடி அந்தப் பொண்ணே சொன்னா. இப்ப ஊர் பூரா அவளே சொல்லிக்கிட்டுத் திரியறா, அதனால நானும் சொல்றேன்.

அண்ணி அவளுக்கு ஒண்ணும் ஒட்டாத வெறும் சட்டையைக் கொடுத்துப் போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. பையை இறக்கச் சொல்லியிருக்காங்க. அவ இறக்கலை. "எதுக்குக்கா, சும்மா அளவு எடுங்க"ன்னிருக்கா. அண்ணி, "நேத்து நீ வாசல்ல ஏறறப்பவே பார்த்தேன்மா. பதினோரு வருஷம் தோள் தையலைப் பார்த்தே பொழைச்சவ நான்"னாங்களாம். அந்தப் பொண்ணு பையை இறக்கிக் கீழே வச்சிருக்கா.

பன்னிரண்டு வயசுலேர்ந்து அவளுக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கு. வலது தோள் இறங்கி நிக்கும். வலி கிடையாது, ஆட்டத்துக்கும் குறை கிடையாது, அடிச்சா எதிர்ப்பக்கம் அலறும். ஆனா எந்தச் சட்டை போட்டாலும் எழுத்து சரிஞ்சு போகும். போன வருஷம் வேற ஒரு கடையில ஒட்டினதைத் திருப்பிக் கொண்டு போய்க் கேட்டிருக்கா. கடைக்காரன் சட்டையை மேஜை மேல விரிச்சு அளந்து காட்டி, "சட்டை நேராத்தான் இருக்கு, உன் உடம்புதான் கோணல்"னு சொல்லியிருக்கான். நாலு பேர் நிக்கிற கடையில! படுபாவி! போன வருஷ டீம் போட்டோவுல பின் வரிசையில, உயரமான ஒரு பொண்ணுக்குப் பின்னால பாதி மறைஞ்சு நின்னாளாம்.

"இந்த வருஷம் கேப்டன்க்கா. கேப்டன் முன் வரிசையில நடுவுல நிக்கணும். காலேஜ் வாசல்ல பெருசாக்கி மாட்டுவாங்க, அங்கேயே கிடக்கும். அதுலயும் சரிஞ்சு நின்னேன்னா, சத்தியமா கேப்டனே வேணாம்னு சொல்லிடுவேன்"னிருக்கா. அப்புறம், "டீம்ல யாருக்கும் தெரியாது, ஆடறப்ப யாரும் கவனிக்க மாட்டாங்க, மத்த நேரம் பையும் துப்பட்டாவும் வச்சே ஓட்டிட்டேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கேட்டிருக்கா. அண்ணி சரின்னு தலையாட்டியிருக்காங்க.

அண்ணி, அண்ணனோட வேன்ல இருக்கிற சாமான் பெட்டியிலேர்ந்து ஒரு நட்டை எடுத்து, நூல்ல கட்டி, கொத்தனார் குண்டு விடற மாதிரி அவ முன்னால தொங்க விட்டாங்களாம். "நிமிராதே. தோளைத் தூக்காதே. வீட்டுல தனியா இருக்கிறப்ப எப்படி நிப்பியோ அப்படி நில்லு." அவளுக்கு அது வரலையாம். யாராவது பார்த்தா தோளைத் தூக்கித் தூக்கியே பழக்கம். அண்ணி அவசரப்படலை. முக்கால் மணி நேரம் ஏதேதோ பேச்சுக் கொடுத்து, காலண்டர் கதையையெல்லாம் சொல்லிச் சிரிக்க வச்சு, அவ மறந்து போய் அவளா நின்ன அந்த நொடியில, சாக்பீஸால சட்டை மேல ரெண்டு புள்ளி வச்சுட்டாங்க. அந்தப் புள்ளிக்குத்தான் நாலாம் நம்பரை ஒட்டினாங்க. மேஜை மேல விரிச்சா வலது பக்கம் ஒரு விரல் தூக்கி, நடுவும் அரை விரல் தள்ளி, பார்க்கவே கண்றாவியா இருக்கும். அவ உடம்புல ஏறினா தண்ணி மட்டம் வச்ச மாதிரி இருக்கும்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. போட்டிக்கு முந்தின நாள் மதியம் அண்ணியும் அண்ணனும் கடைக்கு வேண்டிய வெறும் சட்டை வாங்கப் போயிட்டாங்க. போறப்ப அண்ணி, "பாப்பா, பதிமூணையும் மடிச்சு கவர்ல போட்டு வை. நாலாம் நம்பரை நானே தனியா கவர்ல போட்டுட்டேன். அதைப் பிரிக்காதே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

பிரிக்காதேன்னா பிரிக்காம இருக்க நான் என்ன மரமா? சொல்லாம போயிருந்தா திரும்பிக் கூடப் பார்த்திருக்க மாட்டேன். பதிமூணையும் மடிச்சேன். அந்தக் கவரைப் பார்த்தேன். தண்ணி குடிச்சேன். மறுபடி பார்த்தேன். பிரிச்சு மேஜை மேல விரிச்சதும் எனக்கு நெஞ்சு திக்குனு ஆச்சு. இவ்வளவு கோணலா! அண்ணியா ஒட்டினது! ஆறு வருஷத்துல இல்லாத தப்பு, அதுவும் கேப்டன் சட்டையில. அதை மறைக்கத்தான் தனிக் கவர்ல போட்டு ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நானே கதை கட்டிக்கிட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா, ஒரு ஓரத்துல எனக்குக் குஷியாவும் இருந்துச்சு. இருக்காதா? ஒரு தடவையாவது நான் அவங்களைத் திருத்தலாமேன்னு. ஆனா பெரிய காரணம் கடை பேரு. ஒரு கோணல் சட்டை வெளியே போனா அத்தனை வருஷப் பேரும் போச்சே! உபரியா அதே அளவுல ஒரு சட்டை இருந்துச்சு. புதுசா எழுத்தை வெட்டினேன், பிச்சு எடுத்தேன். அண்ணி பண்ற மாதிரியே மடிச்சு, கோடு போட்டு, கோட்டு மேல கோடு வச்சு, தட்டை இறக்கிப் பதினஞ்சு எண்ணினேன். தூக்கிப் பார்த்தா, ஆஹா! நூல் பிடிச்ச மாதிரி நேரு. மூணடி பின்னால போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கிட்டேன். எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்காத குறைதான். அண்ணி மனசு நோகக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணினேன். கோணல் சட்டையை மெஷின் துடைக்கிற துணிக்கூடையில போட்டேன். அஞ்சு மணிக்கு டீம் பொண்ணு ஒருத்தி வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டா. சாயங்காலம் வந்த அண்ணி, "நாலாம் நம்பர் கவரையும் கொடுத்தியா?"ன்னு கேட்டதுக்கு, "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு"ன்னு பெரிய மனுஷி மாதிரி சிரிச்சேன்.

மறுநாள், போட்டி அன்னைக்குக் காலையில அண்ணி மெஷின் தட்டைத் துடைக்கக் கூடையில கை விட்டாங்க. கையோட வந்தது அந்தச் சட்டை.

"பாப்பா, இது எப்படி இங்க வந்துச்சு?"

நான் தோள்ல கை போட்டேன். "விடுங்க அண்ணி. யாருக்குத்தான் தப்பு வராது? நான் வேற ஒண்ணு நேரா ஒட்டிக் கொடுத்துட்டேன். அண்ணன்கிட்ட கூட மூச்சு விடலை."

அண்ணி கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தலை. அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. முகத்துல ரத்தமே இல்லை. அப்புறம் எழுந்து மெஷினைப் போட்டாங்க. "அண்ணனை வண்டி எடுக்கச் சொல்லு."

மெஷின் சூடாகப் பத்து நிமிஷம் ஆகும். வெளியே அண்ணன் ஹாரன் அடிக்கிறார். நான் என்ன ஏதுன்னு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சேன். அண்ணி அந்தச் சட்டையை விரிச்சு, எழுத்து உருகிடாம மேலே டெஃப்ளான் தாளை வச்சு, சுருக்கம் போக அழுத்தி எடுத்தாங்க. அந்த அவசரத்துலயும் கசங்கின சட்டையைக் கொண்டு போக அவங்களுக்கு மனசு வரலை. வேன்ல நான் மறுபடி ஆரம்பிச்சேன். "பாப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வா"ன்னாங்க. கல்யாணமாகி வந்து பதினெட்டு வருஷத்துல என்னைப் பார்த்து அவங்க சொன்ன முதல் கடுஞ்சொல் அதுதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மைதானத்துல ஆட்டத்துக்கு முன்னாடி டீம் போட்டோ எடுக்க போட்டோக்காரர் முக்காலியை நிறுத்திக்கிட்டு இருந்தார். பொண்ணுங்க பெஞ்சைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. கேப்டன் ஓரமா நின்னுகிட்டு இருந்தா. பை முதுகுலயே இருந்துச்சு. எங்களைப் பார்த்ததும் கிட்ட வந்தா. அப்பத்தான் நான் பார்த்தேன். மேஜை மேல நூல் பிடிச்ச மாதிரி இருந்த என்னோட வரி, அந்தப் பொண்ணு நெஞ்சு மேல சறுக்கிக்கிட்டு விழற மாதிரி கிடந்துச்சு. அவ வலது தோளைத் தூக்கித் தூக்கி அதை நிமிர்த்தப் பார்க்கிறா. எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கலை.

"பரவாயில்லக்கா"ன்னா அந்தப் பொண்ணு, அண்ணியைப் பார்த்து. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. "உங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டீங்க. நடுவுல வேற ஒருத்தியை நிக்கச் சொல்லிட்டேன். நான் பின்னால நின்னுக்கிறேன்."

அந்தப் பரவாயில்ல இருக்கே, அவ என்னைக் கன்னத்துல அறைஞ்சிருந்தா கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

அண்ணி சட்டையை நீட்டினாங்க. "இதுதான் உன் சட்டை. நேத்து தவறிப் போய் வேற வந்துடுச்சு. தப்பு எங்க கடையோடது."

என்னைக் காட்டிக் கொடுக்கலை பாருங்க! அதுதான் என்னால தாங்க முடியலை. "கடையோடது இல்லம்மா, என்னோடது"ன்னேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையா மெதுவா பேசினேன், வேற யாருக்கும் கேட்டுடக் கூடாதே. "அண்ணி பிரிக்காதேன்னு சொன்னதைப் பிரிச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாமலேயே எல்லாம் தெரிஞ்ச மாதிரி மாத்தினேன். அண்ணி உனக்குச் சரியாத்தான் பண்ணி வச்சிருந்தாங்க. என்னைத் திட்டிக்கோ, ஆனா சட்டையைப் போட்டுக்கோ."

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. "திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன்க்கா"ன்னு சொல்லிட்டு வேனுக்குள்ள ஏறினா. அண்ணன் இறங்கி, கதவைச் சாத்திட்டு, அதுக்கு முன்னால காவல்காரர் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னார். உள்ளே டிரைவர் சீட்டுக்கு மேல முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கு. அண்ணி கை விரலையெல்லாம் நெட்டி முறிச்சுக்கிட்டு நின்னாங்க. ஆறு வருஷத்துல அவங்க ஒட்டின எந்தச் சட்டைக்கும் அவங்க அப்படி நின்னதில்லை.

கதவு திறந்துச்சு. இறங்கினா. வரி நேரா இருந்துச்சுங்க. அச்சடிச்ச மாதிரி, அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் நேரு. தோள் அது பாட்டுக்கு இறங்கியிருக்கு, எழுத்து அது பாட்டுக்கு நேரா இருக்கு. பை வேனுக்குள்ளேயே கிடந்துச்சு. அவ நேரா போய், முன் வரிசையில நடுவுல நின்னவளை இடிச்சு நகர்த்திட்டு அங்க நின்னுட்டா. பொண்ணுங்கல்லாம் ஓன்னு கத்தினாங்க.

போட்டோக்காரர் குனிஞ்சு கேமராவுல பார்த்தார். நிமிர்ந்தார். "நாலாம் நம்பர், வலது தோளைக் கொஞ்சம் தூக்கும்மா"ன்னார்.

எனக்கு உயிரே போயிடுச்சு. அந்தப் பொண்ணு தோள் லேசா அசையப் பார்த்துச்சு. அதுக்குள்ள அண்ணி, நாலு பேர் முன்னால சத்தமா பேசியே அறியாத எங்க அண்ணி, மைதானம் பூரா கேட்கிற மாதிரி கத்தினாங்க.

"அது அப்படித்தான் இருக்கும்! நீங்க உங்க கேமராவை நேரா பிடிங்க!"

பதினாலு பேரும் வெடிச்சுச் சிரிச்சாங்க. கேப்டன் தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிச்சா. தோளைத் தூக்க மறந்து போச்சு. அந்த நேரம் பார்த்து அவர் எடுத்துட்டார்.

போட்டியில தோத்தாங்க. சொல்லித்தான் ஆகணும், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ரெண்டாவது ஆட்டத்துல நல்லா போராடித்தான் தோத்தாங்க. நான் ஒட்டின அந்த நேரான நாலாம் நம்பர் எனக்கே வந்து சேர்ந்துச்சு. அண்ணன்தான், "ஞாயித்துக்கிழமை வந்துடு, பட்டாசு. வண்டியோட அந்தப் பக்கம் உனக்கு"ன்னார். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேன் கழுவறோம். எங்க வீட்டுல தப்பு பண்ணினவங்களுக்கு அதுதான் சீருடை.

ஒரு மாசம் கழிச்சு கேப்டன் வந்தா, போட்டோவைச் சட்டம் போட்டு எடுத்துக்கிட்டு. காலேஜ் வாசல்ல பெருசா ஒண்ணு மாட்டியாச்சாம், இது கடைக்குன்னு கொடுத்தா. பையை ஒரு கையில சும்மா தொங்க விட்டுக்கிட்டு வந்தா. எனக்கு வச்சிருந்த திட்டையும் வட்டியோட கொடுத்துட்டுத்தான் போனா, அது நமக்குள்ள இருக்கட்டும்.

அவ போனதும் அண்ணி சுவர்ல ஆணி அடிச்சு போட்டோவை மாட்டினாங்க. மூணடி பின்னால வந்தாங்க. ஒரு கண்ணை மூடலை. ரெண்டு கண்ணாலயும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. நடுவுல நாலாம் நம்பர், தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிச்சுக்கிட்டு. நான் அண்ணியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். சட்டம் இடது பக்கம் நல்லாவே இறங்கியிருந்துச்சு. வேற நாளா இருந்தா கேட்காம கொள்ளாம நானே போய்க் கையை வச்சிருப்பேன்.

"அண்ணி, போட்டோ கோணலா இருக்கு. நேராக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

அண்ணி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி பார்த்தாங்க. "எங்க பாப்பா கோணல்?"னாங்க.